பதினான்கு மாதம் என்றால் பதினான்கு மாதம்தான்

இந்த வாரம் யாராவது உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "சார், ஒரே ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேணும்" என்று தலையைச் சொறிந்தால், முதலில் பேனாவை மூடிப் பைக்குள் வையுங்கள். உட்காரச் சொல்லுங்கள், காபி கொடுங்கள். எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாய், எந்தத் தேதியில் நின்றாய் என்று கேளுங்கள். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ளதை மட்டும் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். முகம் சுருங்கினால் சுருங்கட்டும். கோபித்துக்கொண்டு கிளம்பினால் கிளம்பட்டும். ஒரு மாதம்கூடக் கூட்டி எழுதாதீர்கள்.

அவசரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் புது வருடம் பிறக்கிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். ஆகவே தை பிறந்ததும் நம் பக்கத்து ஆசிரியர்களின் போனில் ஆஃபர் லெட்டர்கள் வந்து விழ ஆரம்பிக்கும். அட்டெஸ்டேஷன் முடித்த சான்றிதழ்களைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கும். அந்தப் பதினைந்து நாளில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

நான் இருப்பது குண்டலுபேட்டை. ஊரைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று பந்திப்பூர் காட்டுக்குள் புகுந்து கூடலூருக்கும் ஊட்டிக்கும் போகிறது, மற்றொன்று வயநாடு வழியாகக் கோழிக்கோட்டுக்கு. வடக்கே 60 கிலோமீட்டரில் மைசூர். ஆடி மாதத்தில் சாலையோரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது பூப் பூக்கும் ஊர். இங்கே வாழ்கிறவர்களுக்கு மூன்று மாநிலம் முட்டிக்கொள்கிற முச்சந்தி. 1997 வரை மைசூர் மாவட்டம், அதற்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டம். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பெரிய படிப்புக்கும் மைசூர்தான். கூடலூர், பந்தலூர்த் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள்கூட இந்த வழியாகத்தான் பட்டப்படிப்புக்குப் போகிறார்கள். படித்துவிட்டுச் சிலர் இங்கேயே தனியார் பள்ளிகளில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தச் சம்பளத்தில் ஒரு தங்கையைக் கட்டிக்கொடுக்க முடியாது. வெளிநாடு போக நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் மாலத்தீவுக்கும் பூட்டானுக்கும் போய் ஒரு தலைமுறைக்கே எழுத்தறிவித்தவர்கள் தென்னிந்திய ஆசிரியர்கள். போங்கள். நல்லபடியாகப் போங்கள் என்பதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்தவள், பிறகு நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியை ஆனவள். நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடலூர் போக வேண்டும், இரவு 9 மணிக்குக் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள். 2009 முதல் அப்படித்தான். இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூருக்குள் வண்டிகளுக்குத் தடை. அவசரக் காரியமாக வந்த எல்லாரும் இந்த ஊரில் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டேதான் பேசுவார்கள்.

பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து மேஜையில் பரப்பினாள். பத்தாவதும் பிளஸ் டூவும் தமிழ்நாடு. பி.எஸ்சி. மைசூர்ப் பல்கலைக்கழகம். பி.எட். வயநாட்டில். மூன்று மாநில முத்திரையும் ஒரு ஃபைலில். பத்தாவது மதிப்பெண் சான்றிதழை அவள் அப்பா அந்தக் காலத்திலேயே லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். தோட்டத்தில் மழை அதிகம், தாள் பூசணம் பிடித்துவிடும் என்று பயந்து, பாசத்தோடு செய்த காரியம். இப்போது அதுவே முட்டுக்கட்டை. அட்டெஸ்டேஷன் முத்திரை தாளின் பின்பக்கத்தில் விழ வேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் விழாது. விளிம்பில் பிளேடை வைத்து அவள் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். ஒரு மூலையில் எழுத்தோடு சேர்ந்து தாள் உரிந்து வந்திருந்தது. கையைப் பிடித்து நிறுத்தினேன். "பிரிக்காதம்மா. வேற பிரதி கேட்டு எழுதிப் போடு. நாள் ஆனா ஆகட்டும்."

அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவளைக் கூப்பிட்ட வெளிநாட்டுப் பள்ளி இரண்டு வருட அனுபவம் கேட்கிறது. அவள் வேலை பார்த்தது பதினான்கு மாதம். "சார், நீங்க போட்டா யாரும் கேக்க மாட்டாங்க." என் மேஜை டிராயரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு தாள் நம் ஊரிலிருந்து வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் வரை எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பட்டச் சான்றிதழ் என்றால் அதைக் கொடுத்த மாநிலத்தின் கல்வித் துறை முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குச் சென்னை, கர்நாடகத்துக்குப் பெங்களூர், கேரளத்துக்கு நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம். கோழிக்கோட்டில் ஒன்று இருக்கிறது. குண்டலுபேட்டைக்காரர் மூன்று திசைக்கும் அலைய வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது. அதன் பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம். முன்பெல்லாம் இதற்கு டெல்லிக்கு அனுப்பியாக வேண்டும். 2019 முதல் பெங்களூர், சென்னை போன்ற நகரங்களிலும் செய்கிறார்கள். நேரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய், அதோடு அந்த நிறுவனத்துக்கு ஒரு சிறு சேவைக் கட்டணம். ஐம்பது ரூபாய்க் காரியத்துக்கு எட்டாயிரம் கேட்கிறவனிடம், எதற்கு என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5-ஆம் தேதி ஹேக் நகரில் உருவான உடன்பாட்டின்படி ஒட்டப்படும் அத்தாட்சி. இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஓமனில் 2012-இல், சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அமீரகம் போன்ற நாடுகளுக்கு இது செல்லாது. அங்கே போகிறவர்கள் நம் அமைச்சக முத்திரைக்கு மேல் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும், அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சக முத்திரையும் வாங்க வேண்டும். உடன்பாட்டில் கண்ட மாதிரி அத்தாட்சி ஒரு சதுரம். பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, தலைப்பு பிரெஞ்சு மொழியில், உள்ளே ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவியில் கையெழுத்திட்டார், யாருடைய முத்திரை என்று அந்த வரிகள் கேட்கும்.

எழுதியிருப்பது உண்மையா என்ற கேள்வி மட்டும் அந்தப் பத்தில் கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், மேஷ்ட்ரே, மேடம், கரெஸ்பாண்டன்ட் ஐயா. அப்போஸ்டில் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மட்டுமே சாட்சி. உள்ளே இருக்கும் சொல்லுக்கு யார் பொறுப்பு? கையெழுத்துப் போட்டவர்தான். நோட்டரி உங்கள் கையெழுத்தைப் பார்ப்பார். நோட்டரியின் கையெழுத்தை மாநில அதிகாரி பார்ப்பார். அவருடையதை அமைச்சகம் பார்க்கும். ஆளுக்கு ஆள் முந்தினவரின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். முதல் ஆள் பொய் எழுதியிருந்தால் அந்தப் பொய் எல்லா முத்திரையும் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி மாலையும் கழுத்துமாக விமானம் ஏறும். அந்த முதல் ஆள் நீங்கள். குண்டலுபேட்டையில், கூடலூரில், சத்தியமங்கலத்தில், ஏதோ ஒரு ஓட்டுக் கட்டடத்துப் பள்ளியில், மூன்று பீரியட் முடிந்த களைப்பில், "பாவம், பிழைக்கப் போற பிள்ளை" என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிற நீங்கள்.

நானும் போட்டிருக்கிறேன்.

பல வருடத்துக்கு முந்தைய கதை. கணக்கு ஆசிரியர், பையன் என்றே சொல்லலாம், அவ்வளவு சின்ன வயது. பதினொரு மாதம் எங்களிடம் இருந்தான். வளைகுடாவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். கைராசிக்காரன், பின்பெஞ்சுப் பையனுக்கும் பின்னத்தைப் புரியவைத்துவிடுவான். இவன் போகாமல் வேறு யார் போவது என்று தோன்றியது. இரண்டு வருடம் என்று எழுதி, பள்ளி முத்திரையைக் குத்தி, வாழ்த்தும் சொல்லி அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நிறைவில் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அங்கே அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சரிபார்ப்பு. இன்னார் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை உங்களிடம் வேலை பார்த்தார்? நான் ஒரு வாரம் லீவில் இருந்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள். சம்பளப் பட்டுவாடா ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்து, ஜூனில் சேர்ந்தார், அடுத்த ஏப்ரலோடு நின்றார் என்று உள்ளதை உள்ளபடி பதில் போட்டுவிட்டாள். அவளை யார் என்ன சொல்ல முடியும்? அந்தப் பள்ளியிலேயே அன்று நேர்மையாக நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

பையன் திரும்பி வந்தான். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே நின்றது. போலீஸ் கேஸ் ஆகாமல் அனுப்பிவிட்டார்களே, அந்த மட்டும் பிழைத்தான் என்றார்கள். இப்போது காய்கறி மண்டியில் தக்காளி கமிஷன் பார்க்கிறான். சந்தைப் பக்கம் போனால், "நமஸ்கார மேஷ்ட்ரே" என்று கும்பிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒரு கிலோ தக்காளியைப் பையில் போட்டுவிடுவான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் "யார் கேக்கப் போறாங்க" என்று சொல்லாதீர்கள். கேட்பார்கள். பள்ளிக்கே எழுதிக் கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவார்கள். அப்போஸ்டில் எண்ணை இணையத்தில் தட்டிப் பார்ப்பார்கள். விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியது தெரிந்தால் பிரிட்டனில் பத்து வருடம் வரை கதவடைப்பு. கனடாவில் ஐந்து வருடம். அமெரிக்காவிலோ வாழ்நாள் தடை, அதைத் தளர்த்தச் சொல்லித் தனியாக மன்றாட வேண்டும். அங்கே ஜே-1 ஆசிரியர் விசாவுக்கு இரண்டு வருட அனுபவம் கட்டாயம், ஆகவே இந்த இரண்டு வருடப் பொய்க்கு அங்கேயும் நல்ல கிராக்கி. 2023-இல் பஞ்சாபிலிருந்து கனடா போன மாணவர்களின் கதையைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கல்லூரி அனுமதிக் கடிதமே போலி. ஏஜென்ட் தயாரித்துக் கொடுத்தது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள் பலர். படித்து முடித்து, வேலையும் பார்த்து, நிரந்தர வசிப்புரிமை கேட்டுப் போட்டபோதுதான் பழைய தாளைத் தோண்டி எடுத்தார்கள். நாடு கடத்தும் நோட்டீஸ் வந்து தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். ஒரு பொய்த்தாள் எத்தனை வருடம் கழித்தும் எழுந்து வரும்.

இங்கேயும் சட்டம் சும்மா இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் போலி ஆவணம் தயாரிப்பதற்கு 336-ஆவது பிரிவு, அதை உண்மை போலக் காட்டிப் பயன்படுத்துவதற்கு 340. தயாரித்துக் கொடுத்தவரும் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இரண்டு பேருமே மாட்டுவார்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதை விடாதீர்கள். நாம் செய்வது ஆசிரியர் வேலை. விடைத்தாளில் அடித்துத் திருத்தி எழுதியவனை எழுப்பி நிற்கவைத்த கை, சர்வீஸ் தேதியை அடித்துத் திருத்தலாமா? அந்த மாணவன் இப்போது எதிரே வந்து நின்றால் என்ன சொல்வோம்?

படித்த படிப்பைப் பற்றி இன்னும் கண்டிப்பாக இருங்கள். இமாசலப் பிரதேசத்தில் சோலன் பக்கம் மானவ் பாரதி பல்கலைக்கழகம் என்று ஒன்று. 2020-இல் விவகாரம் வெளியே வந்தது. சுமார் 36,000 போலிப் பட்டங்கள் விற்கப்பட்டதாகப் புலனாய்வில் சொன்னார்கள். வாங்கினவர்களில் எத்தனை பேர் வகுப்பறையில் நிற்கிறார்களோ. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் "எடிட் பண்ணித் தரலாம் சார்" என்று சொல்லும் தம்பிக்கு அது ஐந்து நிமிட வேலை, நூறு ரூபாய். அவனுக்கு அது குற்றம் என்றுகூடத் தோன்றாது. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

மைசூர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. 1996-இல் தொடங்கிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் படித்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். 2013-14 கல்வியாண்டு முதல் அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இல்லாமல் போனது. 2018-இல்தான் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் சேர்ந்தவர்கள் பாவம், அவர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த வருடத்தை மறைத்து, வேறு வருடம் போட்ட பட்டத்தை வாங்கிச் செருகுவது தப்பு. வேலை கொடுக்கிறவரிடம் முதல் கடிதத்திலேயே நிலைமையைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் இங்கே இருக்கும்போதே சொல்லட்டும். கடன் வாங்கி டிக்கெட் எடுத்த பிறகு தெரிய வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெயர் விஷயம் ஒன்று. நமக்கு இனிஷியல், உலகத்துக்குக் குடும்பப் பெயர். பத்தாவதில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. போதாததற்கு எல்லையில் பிறந்தவர்களுக்கு இரண்டு மொழி. தமிழ்ச்செல்வி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கன்னடத்தில் ழகரம் புழக்கத்தில் இல்லை, ளகரம்தான் போட வேண்டும். இங்கிலீஷுக்குப் போகும்போது ஒரு அலுவலகத்தில் ஒரு எல், இன்னொன்றில் இசட்டும் எச்சும். ஒரே பெண் மூன்று தாளில் மூன்று பெண்ணாகிவிடுகிறாள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம் பக்கம் எத்தனை பேர் திண்டாடினார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள். இதற்கு நேர்வழி உண்டு. உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், பாஸ்போர்ட்டில் திருத்தம். மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் சொல்கிறேன், ஆஃபர் வந்த பிறகு ஆரம்பிக்காதீர்கள். வெளிநாடு போகும் எண்ணம் மனதில் வந்த அன்றே எல்லாத் தாளையும் பாயில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்டிலேயே முதன்முதலாகத் தபால் துறையோடு சேர்ந்த பாஸ்போர்ட் சேவை மையங்கள் 2017 ஜனவரியில் திறந்த ஊர்களில் மைசூரும் ஒன்று. ஒரு காலத்தில் பெங்களூருக்கு ஓடின ஊர்க்காரர்களுக்கு இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. போலீஸ் நற்சான்றுக்கும் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டணம் 500 ரூபாய்தான்.

ஏஜென்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மூன்று லட்சம் கேட்கிறவர் எந்தக் கணக்கில் கேட்கிறார்? "முதல்ல விசிட் விசால போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1978 முதல் தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, கேரளத்துக்கு 1977 முதல் ஒடெபெக். முதலில் அங்கே பதிந்து வையுங்கள். இங்கிலாந்தில் 2023 பிப்ரவரி முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் கணித, அறிவியல், மொழி ஆசிரியர்கள் அந்த நாட்டு ஆசிரியர் தகுதிக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. இலவசமாகக் கிடைப்பதை வாங்கித் தருகிறேன் என்று காசு பிடுங்குகிறவர்கள் மைசூரிலேயே இருக்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை எவரிடம் கொடுத்தாலும் தேதி போட்டு ரசீது வாங்குங்கள்.

ஒரிஜினல் என்றதும் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. நடுவில் விட்டுப் போய்விடுவார்கள் என்று ஆசிரியரின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அடகுக் கடையா நடத்துகிறோம்? ஒரு பெண் உழைத்து வாங்கிய பட்டம் அவளுடையது. அனுபவக் கடிதம் கேட்டால் மூன்று நாளில் கொடுங்கள். இழுத்தடித்தால் அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போவாள், அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த வகுப்பு, எடுத்த பாடம், முழுநேரமா பகுதிநேரமா என்பது, பள்ளியின் சரியான மின்னஞ்சல், இவ்வளவும் வேண்டும். நன்னடத்தை பற்றி எழுத மனம் வந்தால் தாராளமாக எழுதுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

போகிறவர்களே, நீங்களும் ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியைக் கட்டாதீர்கள். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இரண்டு மாதம் ஆசிரியர் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் ஒளியியலை யாரிடம் கேட்பார்கள்? சேரும் தேதியை ஏப்ரலுக்குக் கேளுங்கள். நல்ல பள்ளியாக இருந்தால், இருக்கிற பிள்ளைகளை நடுவில் விட்டு வராத ஆசிரியரை அவர்கள் இன்னும் விரும்புவார்கள். கொடுக்காவிட்டால், அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று இங்கேயே தெரிந்துகொண்டீர்கள்.

அந்தப் பெண்ணிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மணி ஆகிக்கொண்டிருந்தது. தக்காளிக்காரனின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப நான் எப்படித்தான் சார் போறது?" என்றாள். பதினான்கு மாதம் என்றே எழுதி அந்தப் பள்ளிக்கு அனுப்பு, கூடவே நீ செய்த அறிவியல் கண்காட்சி, உன் பாடத் திட்டம், வகுப்பு எடுக்கும் வீடியோ ஒன்றும் அனுப்பு, கேட்டுத்தான் பாரேன் என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதையும் சொன்னேன். இன்னும் பத்து மாதம் இங்கே வேலை பார்த்தால் இரண்டு வருடம் ஆகிவிடும், அதுவரை பெயர்த் திருத்தமும் பத்தாவது மறுபிரதியும் மூன்று மாநில அட்டெஸ்டேஷனும் முடியும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பத்து மாதம் என்பது அவள் வயதில் பெரிசு. கடிதத்துக்கு நாளைக்கு இப்போதைய தலைமையாசிரியையிடம் போய்க் கேள், நான் ஓய்வுபெற்றவன், நான் போடுவதே தப்பு என்றேன். ஃபைலை மூடி, லேமினேஷன் உரிந்த மூலை மடங்காமல் ஒரு அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். ஏழே கால் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் போன பிறகு டிராயரைத் திறந்தேன். ஓய்வுபெற்ற அன்று பிரிவு உபசாரம், சால்வை, பழத்தட்டு என்று இருந்த அமளியில் பள்ளியின் பழைய வட்ட முத்திரை என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கொடுத்துவிட வேண்டும், கொடுத்துவிட வேண்டும் என்று மூன்று வருடம். பள்ளியில் புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள், யாரும் கேட்கவும் இல்லை. வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏன் என் டிராயரையே பார்க்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை மேஜையில் முத்திரையை வைத்து, சொத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "எதுக்கு சார் இப்ப, பழசுதானே" என்றார்கள். பழசாக இருந்தாலும் மை காயவில்லை அம்மா என்றேன். ரெஜிஸ்டரில் வரி எழுதி, எனக்கு ரசீதும் கொடுத்தார்கள். தேதி கேட்டார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய என் ஓய்வுத் தேதியைப் போட்டுவிடலாமா, பார்க்க ஒழுங்காக இருக்கும் என்றார்கள். இன்றைய தேதியையே போடச் சொன்னேன்.